மலைக்கு வழி கேட்டால் இல்லை என்பார்கள்

மலையில் பாதை தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஊருக்குள் அந்தப் பாதையின் வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இது புரிய எனக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

நான் இருப்பது கடற்கரை ஊர். கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவில் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு வீடுகள். மொட்டை மாடியில் நின்றால் மலை எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. முன்வரிசையின் உச்சி 400 மீட்டர். பெரிய மலைகளில் ஏறிப் பழகியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உள்நாட்டில் 1000 மீட்டர் மலை என்றால் பஸ்ஸே 700 மீட்டர் வரை கொண்டுபோய் விட்டுவிடும். மிச்சம் 300தான் நம் காலுக்கு. கடலோரத்தில் அந்தச் சலுகை கிடையாது. கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. 400 என்றால் 400-ம் நாம்தான் ஏற வேண்டும், அதுவும் கடலோரத்துப் புழுக்கத்தில்.

முதல் இரண்டு வாரம் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனேன். மலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதைப் பார்த்தபடி நடந்தால் அடிவாரம் வராமலா போகும் என்ற எண்ணம். ஒவ்வொரு தெருவும் ஒரு மதில் சுவரிலோ, சாக்கடை வாய்க்காலிலோ, குரைக்கிற நாயிடமோ போய் முடிந்தது. மூன்றாவது வாரம் அகலமான மண்சாலை ஒன்று கிடைத்தது. சந்தோஷமாக ஏறினேன். முக்கால் மணி நேரத்தில், வெட்டியெடுத்த பாறைச் சுவருக்கு முன்னால் நின்றேன். கல்குவாரிக்காகப் போட்ட சாலை. லாரிக்கு எதுவரை வேலையோ அதுவரைதான் அந்தச் சாலை.

அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நடந்து பார்க்க ஆசை என்பதற்காக யாரும் பாதை போடுவதில்லை. கல்லுக்காகப் போட்டது கல்லோடு நிற்கும். தண்ணீர்க் குழாயை ஒட்டிய பாதை மேலே ஒரு தொட்டியிலோ ஊற்றிலோ நிற்கும். மின்கம்பி ஓரமாகப் போகிற பாதை ஒவ்வொரு கோபுரத்தின் காலடிக்கும் போய்வரும், ஆனால் கம்பியைப் போல நேராகப் போகாது. செல்போன் கோபுரத்துக்கு ஜீப் ஏறுகிற சாலை இருக்கும். நடக்க அதைவிட அலுப்பான இடம் கிடையாது, வெயிலுக்கு நிழலே இருக்காது. உச்சிவரை போகிற பாதை வேண்டுமென்றால், உச்சிவரை யாருக்கு வேலை இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பிடித்த பிறகுதான் என் தேடலே ஒழுங்காக ஆரம்பித்தது.

சரி, முதலில் வரைபடம். கூகுள் மேப்பில் எங்கள் மலை வெறும் பச்சைத் திட்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் பரவாயில்லை. 2004-ல் தொடங்கிய அந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தங்களுக்குத் தெரிந்த பாதையை வரையலாம். அதிலிருந்து எடுத்துக் காட்டும் மலையேற்ற ஆப்களில் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடாக வரும். எங்கள் மலையில் அப்படி இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நான் போய் முட்டிக்கொண்ட குவாரிச் சாலை. இன்னொன்று 200 மீட்டர் உயரத்தில் எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடிந்தது. வானத்திலிருந்து குதித்தவர் வரைந்தது மாதிரி. பிறகுதான் தெரிந்தது, வரைந்தவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மரமில்லாத பகுதியில் தெரிந்த துண்டை மட்டும் வரைந்திருக்கிறார். மரத்துக்குக் கீழே போன பாதை அவர் கண்ணுக்குப் படவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துண்டு இருந்ததால்தான் ‘மேலே ஏதோ இருக்கிறது’ என்பது உறுதியானது.

ஓட்டத்தையும் நடையையும் பதிவுபோடும் ஸ்ட்ராவா ஆப்பில், மக்கள் ஓடிய, நடந்த தடங்களையெல்லாம் சேர்த்துப் பிரகாசமான கோடுகளாகக் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. எங்கள் ஊரில் கடற்கரைச் சாலை சூரியனாய் ஜொலித்தது, மலை கும்மிருட்டு. அப்படியானால் அங்கே பாதையே இல்லை என்று முடிவுகட்டியது என் தவறு. கையில் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் போகாத இடம் என்பதற்குத்தான் அது சாட்சி. ஆடு மேய்க்கிறவர் எந்த ஆப்பிலும் பதிவு போடுவதில்லை.

வரைபடத்தில் எனக்கு உண்மையிலேயே உதவியது சம உயரக் கோடுகள்தான், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு என்பது எல்லோருக்கும் தெரியும். கோடு வளையும் இடங்களையும் பார்க்கப் பழக வேண்டும். வளைவின் முனை மேட்டைப் பார்த்து இருந்தால் அது ஓடை. பள்ளத்தைப் பார்த்து இருந்தால் அது முகட்டிலிருந்து பிரிந்து இறங்கும் கிளை. பழைய நடைபாதைகள் பெரும்பாலும் இந்தக் கிளைகளின் முதுகில்தான் ஏறும். காற்று வரும், சுற்றிலும் தெரியும், மழைத்தண்ணீர் அரிக்காது. எங்கள் மலையில் ஊரைப் பார்த்து இறங்கும் கிளைகள் ஐந்து. அந்தப் பாதித் துண்டு நடுக்கிளையின் மேல் கிடந்தது.

இதற்கு நடுவில் நான் செய்த நல்ல காரியம், மலையைப் பார்க்கக் கடலுக்குப் போனது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீள்கிறது. அதன் நுனியில் நின்று திரும்பினால் மலை முழுவதும் ஒரே பார்வையில் விழும். காலையில் போனால் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து மலைமேல் நேராக அடிக்கும். மழைக்காலம் முடிந்து பச்சை பிடித்திருக்கும் சமயமென்றால், மண் தெரியும் பாதை அந்தப் பச்சையில் வெளிறிய நூல் மாதிரி தெரியும். அதே இடத்துக்குச் சாயங்காலம் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பான். காலையில் ஒரே சுவராகத் தெரிந்தது, அப்போது ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசைகளாகப் பிரிந்து நிற்கும். இரண்டாவது வரிசையில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் மலையையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். மலையில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு மொட்டைப் பாறைக்கும் பள்ளத்துக்கும் அவரிடம் பெயர் இருந்தது. இரண்டாவது வரிசைப் பள்ளத்துக்குப் பெயர் ‘பல்லு போன இடம்’. எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டேன். “கடல்ல நிக்கிறவனுக்கு மலைதான் தம்பி வீட்டு விலாசம்” என்றார். யோசித்தால் சரிதான். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், அடிவானம் நாலரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 400 மீட்டர் உச்சியோ, காற்று தெளிவாக இருந்தால் 70 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் எட்டிப் பார்க்கும். கரை மறைந்த பிறகும் மலை கூடவே வரும். அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

நடுக்கிளையின் அடிவாரம் எந்தத் தெருவில் வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அங்கே போனேன். கடைசி வீட்டு வாசலில் ஒரு அம்மா அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

“இங்கேருந்து மலைக்குப் போக வழி இருக்காம்மா?”

“வழியெல்லாம் இல்லப்பா. கல்லும் முள்ளும்தான்.”

சரி என்று திரும்பிப் பத்தடி நடந்தேன். எதற்கோ திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா அரிவாளைச் சும்மாட்டில் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு படலைத் திறந்து, மலைமேல் ஏறிக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்க் கேட்டேன்: “அப்ப நீங்க எப்படிப் போறீங்க?”

“நாங்க தடத்துல போறோம்.”

அவருக்கு வழி என்றால் வண்டி போக வேண்டும். மனிதர் நடந்து நடந்து தேய்ந்தது தடம். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பான சொல்லைக் கேட்டிருக்கிறேன். இதற்கு முன்னால் எத்தனை பேரிடம் ‘வழி இருக்கா’ என்று கேட்டு ‘இல்லை’யை வாங்கிக்கொண்டு வந்தேனோ! அதற்குப் பிறகு நான் வழி கேட்பதையே விட்டுவிட்டேன். மேலே யார் போவாங்க, எதுக்குப் போவாங்க, எந்தப் பக்கமா இறங்குவாங்க என்றுதான் கேட்கிறேன். பதில் தானாக வருகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்பேன், ஆனால் வரும் பதிலை மூன்றால் பெருக்கிக்கொள்வேன். அந்த அம்மா சொன்ன அரை மணி எனக்கு ஒன்றரை மணி.

அந்தப் படல் வழியாகத்தான் தடம் தொடங்குகிறது, அதாவது அவர் வீட்டுக் கொல்லை வழியாக. அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். மேலே எது யாருடைய நிலம், எங்கே காட்டு எல்லை தொடங்குகிறது, அனுமதி வேண்டுமா என்பதையும் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. மேலே போய் யாராவது மறித்த பிறகு விசாரிப்பது மரியாதையாக இருக்காது.

தடம் கிடைத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, ஏனென்றால் மலையில் ஆடுகளும் நடக்கின்றன. ஆட்டுத்தடமும் பார்க்க அசல் பாதை போலவே இருக்கும், சில இடத்தில் அதைவிட நன்றாகவே இருக்கும். எனக்கு அடையாளம் காட்டிக்கொடுத்தது காலடி இல்லை, நெஞ்சு உயரம். மனிதர் போகிற தடத்தில் நெஞ்சு, தலை உயரத்தில் கிளைகள் ஒடிந்தோ வெட்டுப்பட்டோ இருக்கும். ஆட்டுத்தடத்தில் தரை சுத்தமாக இருக்கும், முழங்காலுக்கு மேலே முள் முகத்தில் அடிக்கும். ஆட்டுத்தடம் சரிவில் குறுக்காகப் போகும், விசிறி மாதிரி நாலாகப் பிரியும், ஒரு புதரடியில் போய்க் காணாமல் போய்விடும். மனிதத் தடம் செங்குத்து வந்தால் வளைந்து வளைந்து ஏறும். பாறை குறுக்கிட்டால் அதில் கால் வைக்கிற இடம் மட்டும் வழவழவென்று, பாசி படியாமல் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். முகம் கீறிக்கொண்டே பத்து நிமிடம் போய்விட்டோம் என்றால், நல்ல தடம் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடுவதுதான் உத்தமம். ‘இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும்’ என்று போன எந்தத் தடவையும் எனக்குத் தெரிந்ததில்லை.

இப்போது அந்த மோசமான நாளுக்கு வருகிறேன்.

நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தடம் தெரிந்துவிட்ட மிதப்பு. வெயிலுக்கு முன்னால் கிளம்பாமல் பத்து மணிக்குக் கிளம்பினோம். ஏறி முடித்தபோது ஒரு மணி. மேலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடிவிட்டது. கீழே ஊரில் பளிச்சென்று வெயில், மேலே இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இதில் ஆச்சரியமே இல்லை. காலையில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது, முற்பகல் வாக்கில் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, மலை அதை மேலே தள்ளுகிறது, மேலே போன காற்று குளிர்ந்து மேகமாகிறது. எங்கள் மலைக்கு மத்தியானத்தில் தொப்பி போடுவது வாடிக்கை. மாடியிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன். தொப்பிக்குள் போய் நிற்கும்போதுதான் அது தொப்பி என்று ஞாபகம் வந்தது.

மூன்றரைக்கு மேகம் கலைந்தது. இறங்க ஆரம்பித்தோம். உச்சியில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்கு இடப்பக்கமாக இறங்கியிருக்க வேண்டும், வலப்பக்கமாக இறங்கினோம். வித்தியாசம் இருபது அடி இருக்கும். ஏறும்போது இந்த மாதிரிப் பிழைக்குத் தண்டனை கிடையாது. ஐந்து கிளையில் எதில் ஏறினாலும் எல்லாம் ஒரே உச்சியில்தான் கூடுகின்றன. இறங்கும்போது அதே ஐந்தும் பிரிகின்றன. மேலே இருபது அடி பிசகினால் கீழே ஒரு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளத்தில் நிற்போம்.

கால் மணி நேரத்தில் தடம் தேய்ந்து முள்ளாகிவிட்டது. வலப்பக்கம் ஒரு வறண்ட ஓடை. மரமில்லை, முள்ளில்லை, உருண்டைக் கற்கள் படிக்கட்டு மாதிரி நேராகக் கடலைப் பார்த்து இறங்கின. “கடல் நேரா தெரியுதுடா, இப்படியே இறங்கினா ஊர்தான்” என்றான் நண்பன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடல் தெரிகிற இடத்தில் எப்படித் தொலைய முடியும்?

முதலில் ஆள் உயரத்துக்கு ஒரு இறக்கம் வந்தது. உட்கார்ந்து வழுக்கி இறங்கினோம். அடுத்தது இரண்டு ஆள் உயரம். ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக் குதித்தோம். குதித்த பிறகு திரும்பி அண்ணாந்து பார்த்தேன். வேரின் நுனி எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்போதே வயிற்றில் ஏதோ செய்தது. நூறடி தள்ளி ஓடை சட்டென்று முடிந்தது. எட்டிப் பார்த்தால் இருபது மீட்டர் செங்குத்துப் பாறை. மழை பெய்தால் அருவியாகிற இடம். பாறைக்குக் கீழே மரங்கள், மரங்களுக்கு அப்பால் எங்கள் ஊர். யாரோ ஹாரன் அடிப்பதுகூடக் கேட்டது. சத்தம் வருகிறது, நாங்கள் போக முடியாது.

அப்புறம் வெளிச்சம். அன்று சூரிய அஸ்தமனம் ஆறே காலுக்கு என்று போன் சொன்னது. ஆனால் மேற்கே மலை இருக்கும் கடற்கரையில், மலையின் கடல்பக்கச் சரிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டான். கடல் மட்டும் இன்னும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் நிழலுக்குள் நின்றோம், ஓடைக்குள் அது சீக்கிரமே இருட்டாகிவிட்டது.

நண்பன் என் தோளில் ஏறி, வேரைப் பிடித்து மேலே போய், பைகளின் வார்களை முடிச்சுப் போட்டு என்னை இழுத்தான். எழுதினால் ஒரு வரி. செய்ய ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு முழங்கால்களும் தேய்ந்தன. உச்சிக்குத் திரும்ப ஏறினோம். காலையில் ஆப்பைத் திறந்து நடக்கிற தடத்தைப் பதிவுபோட்டு வைத்தது மட்டும்தான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். போனில் 14 சதவீதம் சார்ஜ். நண்பனின் போன் டார்ச், என் போன் வரைபடம் என்று பங்கு பிரித்துக்கொண்டு, ஏறி வந்த கோட்டையே பிடித்து இறங்கினோம். படலைத் தாண்டியபோது மணி பத்து. அந்த அம்மா திண்ணையில் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை எடுத்து அந்த இருபது மீட்டர் பாறையைத் தேடினேன். இல்லவே இல்லை. அந்த இடத்தில் கோடுகள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தன, அவ்வளவுதான். காரணம் இதுதான்: பல இலவச வரைபடங்களில் உயரக் கோடுகள் வருவது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த தரவிலிருந்து. அது ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவில் நிற்கும் செங்குத்துப் பாறை வரைபடத்தில் மழுங்கிச் சரிவாகிவிடும். காடு அடர்ந்த இடத்தில் ரேடார் பார்த்தது தரையைக்கூட இல்லை, பெரும்பாலும் மரத்தலையைத்தான். ஆகவே கோடுகள் நெருங்கும் இடத்தில் ஓடை இருந்தால், அங்கே பாறை விழுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓடை வழியே இறங்குவது தண்ணீருக்குச் சரி, நமக்குச் சரிப்படாது.

அடுத்த வாரம் அலைத்தடுப்புச் சுவரில் பெரியவரைப் பார்த்து முழுக்கதையையும் சொன்னேன். சிரித்துவிட்டார். “கரை தெரியுதேன்னு நேரா வுட்டா, படகு பாறையிலதான் தம்பி ஏறும். ஒண்ணைப் பார்த்து ஓட்டாதே, ரெண்டைச் சேர்த்துப் பாருன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார். நான் காதில் வாங்காமல் விட்டது இதைத்தான்.

படகுக்காரர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். கிட்டே ஒன்று, எட்ட ஒன்று. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால் நாமும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறோம். ஒரே ஒரு அடையாளம் திசையை மட்டும்தான் சொல்லும், நாம் எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்று சொல்லாது. எனக்குக் கடல் தெரிந்தது, ஐந்து கிளையில் எதிலிருந்து பார்த்தாலும் அதே கடல்தான் தெரியும்!

மலையிலிருந்து இதைத் திருப்பிப் போட்டேன். நடுக்கிளையின் முதுகில் நின்று பார்த்தால், ஊருக்குள் இருக்கும் உயரமான தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் துறைமுகத்து விளக்குக் கம்பம் நிற்கிறது. நான் வலப்பக்கம் விலகினால் தொட்டி கம்பத்துக்கு இடப்பக்கமாக நகர்ந்துவிடும். இடப்பக்கம் விலகினால் வலப்பக்கமாக. எனவே விதி சுலபம்: கிட்டே உள்ளது எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறதோ, நாமும் அந்தப் பக்கமே நகர வேண்டும். நூறு மீட்டர் பிசகினாலே கண்ணுக்குத் தெரிகிறது. பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். மேகம் மூடினால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் இப்போதெல்லாம் பதினோரு மணிக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுகிறேன்.

இரண்டாவது துணை உயரமானி. பல வாட்ச்களிலும் சில போன்களிலும் காற்றழுத்தத்தை அளக்கும் சில்லு இருக்கிறது. கடல்மட்டத்தருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அதை வைத்து உயரம் காட்டும். வானிலை மாறினால் அழுத்தமும் மாறும் என்பதால், தெரிந்த உயரத்தில் நின்று அவ்வப்போது திருத்த வேண்டும். உள்நாட்டுக்காரர்கள் இதற்குத் தெரிந்த உயரம் தேடி அலைவார்கள். நமக்குக் கடற்கரையே இருக்கிறது, மணலில் நின்று பூஜ்யம் வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும். எங்கள் தடத்தில் ஏமாற்றும் கவர் ஒன்று, அதாவது தடம் இரண்டாகப் பிரியும் இடம், 260 மீட்டரில் இருக்கிறது. இறங்கும்போது 270 காட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்து நடப்பேன்.

மூன்றாவது மிகச் சாதாரணம்: ஏறும்போது ஒவ்வொரு கவரிலும் திரும்பி நின்று, வந்த திசையை ஒரு படம் எடுத்துக்கொள்வது. ஏறும்போது நாம் பார்க்கிற மலை வேறு, இறங்கும்போது பார்க்கப்போகிற மலை வேறு. அதே கவர் மேலிருந்து பார்த்தால் அடையாளமே தெரியாது.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்தின் மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறேன்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம். எங்கள் தடம் 4 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். அவர் கணக்குப்படி 48-ம் 40-ம் சேர்ந்து ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. குளிர்நாட்டு மனிதரின் கணக்கு அது. முள், ஈரப்புழுக்கம், வழி தேடி நிற்பது எல்லாம் சேர்த்து நான் இரட்டிப்பாக்குகிறேன். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கான அதே நேரத்தை ஒதுக்குகிறேன், சீக்கிரம் வந்தால் லாபம்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து கேட்டுக்கொள்வது மட்டுமே, அதற்கு டவர் தேவையில்லை. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்னல் தேடித் தேடித்தான் அன்று என் பேட்டரி செத்தது. இப்போது தலையில் மாட்டும் டார்ச் தனியாக ஒன்று, பவர் பேங்க் ஒன்று, விசில் ஒன்று. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு முறை ஊதினால் மலையில் உதவி கேட்கிறார்கள் என்று அர்த்தம். இதுவரை ஊதவில்லை. அந்தப் பாறை விளிம்பில் அன்று விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன், கீழே யாருக்காவது கேட்டும் இருக்கும்.

தடத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய உட்கார்ந்தபோது கை தயங்கியது. மேலே பிரச்சினை இல்லை. பாதை எவ்வளவு தெளிவாகத் தெரியும், எவ்வளவு கடினம் என்றெல்லாம் குறிக்க அதில் இடம் இருக்கிறது. நேர்மையாக ‘சில இடத்தில் தெரியாது’ என்று போட்டேன். ஓடை முடியும் இடத்தில் செங்குத்துப் பாறையையும் வரைந்தேன். ஆனால் கீழ்முனை அந்த அம்மாவின் கொல்லை. வரைந்துவிட்டால் நாளைக்கு யார் யாரோ வந்து நிற்பார்கள். அவரிடமே போய்க் கேட்டேன். விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வரட்டும்ப்பா. கேட்டுட்டு வரச் சொல்லு. வந்தா படலைச் சாத்திட்டுப் போகச் சொல்லு. ஆடு வெளிய போயிடுது.”

அதனால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கதவு இருக்கிறது. சாத்திவிட்டுப் போகவும், கேட்டுவிட்டு நுழையவும் என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் மறுபடி அலைத்தடுப்புச் சுவருக்குப் போயிருந்தேன். இரண்டாவது வரிசையில், பல்லு போன இடத்தில், சூரியன் சரியாகப் பொருந்தி இறங்கியது. அந்தப் பள்ளம் அவ்வளவு தேய்ந்திருக்கிறதென்றால் அதைத் தாண்டி யாருக்காவது வேலை இருந்திருக்கும் என்று தோன்றியது. மறுநாள் காலையிலேயே கடைசி வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளத்துக்குப் போக முடியுமா என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அங்கேயா? அங்கேயெல்லாம் வழி கிடையாதுப்பா.”

“சரிம்மா. தடத்துல போனா எவ்வளவு நேரமாகும்?”

“விடியறப்ப கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்” என்றார்.